சொந்தமாக நிரலாக்கம் கற்றவர் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது எந்த நிரலைக் காட்டுவது?

வசிஷ்டநதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு, ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். கணினிப் படிப்பு எதுவும் முறையாகப் படித்ததில்லை. கணியம் தளத்தில் தமிழில் இலவசமாகக் கிடைக்கும் நூல்களையும், யூடியூப் காணொளிகளையும் வைத்துக்கொண்டு, வேலை முடிந்த பிறகு பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்று வருகிறேன்.

சென்னையில் உள்ள ஒரு நிரலாக்கப் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். பட்டம் எதுவாக இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் விண்ணப்பத்தில், பிறருடைய பாடத்தைப் பின்பற்றாமல் நீங்களே தொடக்கத்திலிருந்து எழுதிய ஒரு நிரலைக் காட்டி, அதை ஏன் எழுதினீர்கள், எங்கே திணறினீர்கள் என்று விளக்கச் சொல்கிறார்கள். அதன் பிறகு நேரக் கட்டுப்பாட்டுடன் ஒரு தேர்வும், திரையைப் பகிர்ந்துகொண்டு நேரில் நிரல் எழுதும் ஒரு நேர்காணலும் உண்டு.

என்னிடம் இருப்பவை காணொளியைப் பார்த்து எழுதிய ஒரு வானிலைச் செயலியும், செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிடும் ஒரு பக்கமும்தான். பார்க்க அழகாக இருக்கும். இவை தவிர, ஆலைக்கு வரும் மரவள்ளிக்கிழங்கு லோடுகளுக்குப் பணம் கணக்கிட நானே எழுதிய ஒரு சிறிய நிரல் இருக்கிறது. எடைமேடைச் சீட்டில் உள்ள மொத்த எடை, காலி வண்டியின் எடை, மண்ணுக்காகக் கழிப்பது, பரிசோதனையில் வந்த மாவுச்சத்துப் பாயிண்ட், அன்றைய பாயிண்ட் விலை ஆகியவற்றைக் கொடுத்தால் விவசாயிக்குத் தர வேண்டிய தொகையைச் சொல்லும். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான் வரும். அதிலும் சில லோடுகளுக்கு ஆலையின் கையெழுத்துச் சீட்டுக்கும் என் நிரலுக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் வருகிறது. காரணம் இதுவரை பிடிபடவில்லை. இதைக் காட்டினால் சிரிப்பார்களோ என்று தயங்குகிறேன். வானிலைச் செயலியையே கொஞ்சம் மாற்றி அனுப்பிவிடலாமா? செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு இதைவிடப் பெரியதாக ஒன்றைச் செய்து அனுப்புவது தவறா? வணிகவியல் படித்ததை மறைக்காமல் எழுதுவது நல்லதா?

கஞ்சமலை எழுதியது:

தம்பி, வானிலைச் செயலியை அனுப்பாதீர்கள். நான் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் புதியவர்களை நேர்காணல் செய்யும் குழுவில் இருக்கிறேன். வந்து சேரும் விண்ணப்பங்களில் வானிலைச் செயலியும் வேலைப்பட்டியலும் எத்தனை வருகின்றன என்பதைச் சொன்னால் நீங்களே அவற்றை அழித்துவிடுவீர்கள். அவை கெட்ட நிரல்கள் அல்ல. ஆனால் அவற்றில் எந்த முடிவு உங்களுடையது, எது காணொளி நடத்தியவருடையது என்று படிப்பவரால் பிரிக்க முடியாது. கிழங்குக் கணக்கில் அந்தக் குழப்பமே எழாது, ஏனென்றால் பாயிண்ட் விலையைக் கொண்டு கிழங்குக்குப் பணம் போடுவதை எந்தக் காணொளியும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்காது.

அந்த ஒரு ரூபாயைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நிரலைப் பார்க்காமலேயே ஓர் ஊகம் சொல்கிறேன். தொகையை முழு ரூபாயாக்க நீங்கள் பைத்தானின் ரவுண்ட் செயல்பாட்டைப் பயன்படுத்தியிருப்பீர்கள். ஒரு பேச்சுக்கு, நிகர எடை 8,346 கிலோ, பாயிண்ட் 27.5, டன்னுக்கு ஒரு பாயிண்ட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொகை 68,854 ரூபாய் 50 பைசா. உங்கள் ஆலைக் கணக்கர் 50 பைசாவை மேலே ஏற்றி 68,855 என்று எழுதுவார். பைத்தான் 3-இன் ரவுண்ட், சரி பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். ஆகவே 68,854 என்று தரும். 2.5-ஐக் கொடுத்துப் பாருங்கள், 2 வரும், 3.5-ஐக் கொடுத்தால் 4 வரும். வித்தியாசம் எல்லா லோடுகளிலும் வராமல் சிலவற்றில் மட்டும் வருவதும் இதனோடு பொருந்துகிறது.

இதற்கு அடியில் இன்னொன்றும் ஒளிந்திருக்கக்கூடும். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். தசமப் பின்னங்களில் பெரும்பாலானவற்றைக் கணினி இரும எண்களில் முழுமையாக எழுத முடியாமல், மிக அருகிலுள்ள மதிப்பை வைத்துக்கொள்வதே காரணம். அதனால்தான் பணத்தைக் கையாளும் நிரல்களில் தொகையைப் பைசாவாக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்வார்கள், அல்லது டெசிமல் என்ற தொகுதியைப் பயன்படுத்துவார்கள். அந்தத் தொகுதியில் 50 பைசாவை மேலேற்ற வேண்டுமா, கீழிறக்க வேண்டுமா என்ற விதியையும் நீங்களே குறிப்பிடலாம். கிலோவையும் டன்னாக மாற்றிப் பின்னமாக்காமல், கடைசியில் மட்டும் 1,000-ஆல் வகுத்துப் பாருங்கள்.

பழைய சீட்டுகளில் வித்தியாசம் வந்தவற்றைத் தனியே எடுத்து, அவை எல்லாம் 50 பைசாவில் முடிந்தவைதானா என்று சரிபாருங்கள். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும், அந்தச் சோதனையை எப்படிச் செய்தீர்கள் என்பதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். எங்கே திணறினீர்கள் என்று அவர்கள் கேட்பது இதைத்தான்.

செயற்கை நுண்ணறிவு பற்றி: புரியாத பிழைச்செய்தியை விளக்கச் சொல்லிக் கேட்பதில் எனக்கு மறுப்பில்லை, பள்ளியின் விதி அனுமதித்தால். முழு நிரலையும் எழுதி வாங்கி அனுப்பினால், நேர்காணலில் ‘இரண்டு ரகக் கிழங்குக்கு இரண்டு விலை என்றால் எங்கே மாற்றுவீர்கள்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். எழுதியவர் அந்த வரிக்கு நேராகப் போவார். வாங்கியவர் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பார். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய அனுபவமெல்லாம் தேவையில்லை.

வணிகவியலை ஏன் மறைக்க வேண்டும்? பற்று வரவு தெரிந்தவர்கள் எங்கள் தொழிலில் குறைவு.

சேர்வராயன்மலை எழுதியது:

நான் ஏற்காட்டிலிருந்து வேலை செய்கிறேன். கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம், நிரலாக்கம் பிறகு கற்றது. கஞ்சமலை அண்ணன் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்: அவர் சொன்ன திருத்தங்களையெல்லாம் செய்துவிட்டு, பழைய நிரலை அழித்துப் புதியதை மட்டும், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள். இப்போது உள்ளபடியே, அந்த ஒரு ரூபாய்ப் பிழையோடு, முதலில் ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாக, எதற்காக மாற்றினீர்கள் என்ற ஒரு வரிக் குறிப்போடு சேர்த்துக்கொண்டே வாருங்கள். முதல் நாளே குறையில்லாமல் பிறந்த நிரலைவிட, எப்படிச் சரியானது என்று தடம் தெரியும் நிரல்தான் ஒரு தொடக்கக்காரரைப் பற்றி அதிகம் சொல்லும்.

நியூயார்க்கில் ரிகர்ஸ் சென்டர் என்று ஓர் இடம் இருக்கிறது. 2011-இல் ஹேக்கர் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, பாடத்திட்டமும் கிடையாது. அவர்களுடைய விண்ணப்பத்திலும் நீங்களே எழுதிய நிரல் ஒன்றைக் கேட்பார்கள்; பிறகு அதே நிரலையோ வேறொரு சிறு கணக்கையோ அவர்களில் ஒருவரோடு சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். உங்கள் பள்ளியும் அந்த வழியைப் பின்பற்றுவதாகத் தெரிகிறது. இத்தகைய நேர்காணலில் விடை வந்ததா என்பதைவிட, வராதபோது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் கவனிப்பார்கள். ஆகவே வாய்விட்டுப் பேசிக்கொண்டே எழுதப் பழகுங்கள். ‘இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன், எடை எதிர்மறையாக வந்தால் நிறுத்திவிடுவேன்’ என்பதுபோல எளிய வாக்கியங்கள் போதும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது முதலில் கூச்சமாக இருக்கும். மனம் தமிழில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, வாய் ஆங்கிலம் தேடினால் இரண்டுமே நின்றுவிடும். தமிழில் பேசலாமா என்று பள்ளியிடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். சென்னைப் பள்ளி என்கிறீர்கள், மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். மறுத்தால், தேவைப்படும் ஆங்கில வாக்கியங்கள் மிகச் சிலவே. அவற்றைத் தங்கையிடமோ நண்பரிடமோ திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். கேட்பவருக்கு நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

உங்கள் நிரல் விவசாயிகளின் பெயர்களைத் தமிழில் அச்சிடுகிறதா? அப்படியானால் பத்திகள் நேராக நிற்காமல் கோணிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். ‘சேலம்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும், நம் கண்ணுக்கு 3 எழுத்துதான். கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு முறையில் ஏகாரத்தின் கொம்பும் மகரத்தின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுகின்றன. இதைத் தீர்க்க வேண்டும் என்பதில்லை, ஆனால் கவனித்திருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

இணைய வசதி பற்றி ஒரு சொல். மழைக்காலத்தில் இங்கே மலையில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும் என்பதால், முக்கியமான அழைப்பு இருந்தால் முதல் நாளே சேலத்துக்கு இறங்கி அஸ்தம்பட்டியில் உறவினர் வீட்டில் தங்கிவிடுவேன். ஆத்தூரில் அவ்வளவு சிரமம் இருக்காது. ஆனாலும் ஆலை அலுவலகத்திலிருந்து நேர்காணலுக்கு உட்காராதீர்கள். அரைவை இயந்திரச் சத்தத்தில் யாராலும் யோசிக்க முடியாது.

வசிஷ்டநதி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணன் சொன்னபடி வித்தியாசம் வந்த சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாமே 50 பைசாவில் முடிந்தவை. டெசிமல் தொகுதிக்கு மாற்றி, 50 பைசாவை மேலேற்றும் விதியை வைத்ததும் அவை ஒத்துப்போய்விட்டன. மீதமிருந்த ஒன்று, கையால் எழுதிய சீட்டிலேயே கூட்டல் தவறியது. அதற்கும் நிரலுக்கும் தொடர்பில்லை.

இரண்டு ஐயங்கள். கிட்ஹப்பில் ஏற்றினால் விவசாயிகளின் பெயரும் தொகையும் ஊருக்கே தெரியுமே, ஆலை முதலாளியிடம் கேட்க வேண்டுமா? அடுத்து, பள்ளியில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள்: கட்டணத்தை முன்பே கட்டலாம், அல்லது இப்போது எதுவும் கட்டாமல், வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் ஒரு பங்கைச் சில ஆண்டுகள் தரலாம். வீட்டில் பணம் இல்லாததால் இரண்டாவதையே எடுக்கலாம் என்று அப்பா சொல்கிறார்.

சேர்வராயன்மலை எழுதியது:

உண்மையான சீட்டு ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. பெயர், வண்டி எண், தொகை, பாயிண்ட் எல்லாவற்றையும் கற்பனையாக நிரப்பிய ஒரு மாதிரிக் கோப்பைத் தயாரித்து, அதை மட்டும் நிரலோடு வையுங்கள். 50 பைசாவில் முடியும் லோடு ஒன்று, காலி வண்டி எடையை எழுத மறந்த லோடு ஒன்று என்று தொல்லை தரும் வகைகள் எல்லாம் அந்த மாதிரியில் இருக்கட்டும். உண்மைக் கோப்பை ஒருமுறை ஏற்றிவிட்டுப் பிறகு நீக்கினாலும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் தன் பழைய பதிவுகளில் அதை வைத்திருக்கும் என்பதால், முதல் பதிவேற்றத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். முதலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நிரலை அலுவலக நேரத்தில் ஆலைக் கணினியில் எழுதியிருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

பட்டறை ஆசிரியர் எழுதியது:

நான் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன், செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறேன். நிரலைப் பற்றி மற்றவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சம்பளத்தில் பங்கு என்பது கேட்க இனிமையான ஏற்பாடு. ஆனால் அது கடன்தான் என்ற எண்ணத்தோடே ஒப்பந்தத்தைப் படியுங்கள். அமெரிக்காவில் லாம்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பின்னர் புளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட பள்ளி, இந்த முறையில் மாணவர்களைச் சேர்த்தது. அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. மாணவர்களிடம் அது கடனே இல்லை என்று சொல்லப்பட்டது. உண்மையில் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சராசரியாக 4,000 டாலர் அளவுக்கு நிதிக் கட்டணம் அடங்கியிருந்தது. வேலை கிடைத்தோர் விகிதம் 71 முதல் 86 சதவீதம் வரை என்று விளம்பரம் செய்துகொண்டே, முதலீட்டாளர்களிடம் 50 சதவீதத்துக்கு அருகிலான எண்ணைக் காட்டியிருந்ததும் அதில் வெளிவந்தது. உங்கள் பள்ளியும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள்: எவ்வளவு சம்பளத்துக்கு மேல் பங்கு தர வேண்டும்? அதிகபட்சமாக மொத்தம் எவ்வளவு? கணினி சாராத வேலைக்குப் போனாலும், இப்போதுள்ள ஆலை வேலையிலேயே தொடர்ந்தாலும் தர வேண்டுமா? நடுவில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? பின்தேதியிட்ட காசோலையோ, அப்பாவின் கையெழுத்தோ கேட்கிறார்களா? சில இடங்களில் ‘இப்போது கட்ட வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு, மாணவர் பெயரிலேயே ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எடுக்க வைப்பார்கள். தவணை தவறினால் கடன் வரலாறு கெடுவது பள்ளிக்கு அல்ல, உங்களுக்கு.

அதோடு, இந்தப் பள்ளி ஒன்றையே நம்பி இருக்காதீர்கள். சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் பி.எஸ். தரவு அறிவியல் படிப்பில் சேர ஜே.இ.இ. தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்து, வாரப் பயிற்சிகளை முடித்து, அவர்களுடைய தகுதித் தேர்வில் தேறினால் போதும். நடுவில் சான்றிதழோடோ பட்டயத்தோடோ வெளியேறவும் வழி உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் இருக்கிறது. ஆனால் கணிதமும் புள்ளியியலும் தொடக்கத்திலேயே வரும், வேலையோடு சேர்த்துப் படிப்பது எளிதல்ல. வெறுமனே ஆழம் பார்க்க வேண்டுமானால் ஐ.ஐ.டி.கள் இணையத்தில் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் பைத்தான் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும். ஜோஹோ 2005 முதல் நடத்திவரும் பள்ளியில் கட்டணம் வாங்குவதற்குப் பதிலாக உதவித்தொகை தருகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்போ பட்டயமோ முடித்தவர்களுக்கானது என்பதால், உங்கள் தம்பி தங்கைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கஞ்சமலை எழுதியது:

ஐயா சொன்ன கேள்விகளை அப்படியே மின்னஞ்சலாக அனுப்பி, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள் தம்பி. தொலைபேசியில் சொல்வதை நம்ப வேண்டாம். விண்ணப்பத்தில் எழுதப்போகும் பத்தியை இங்கே இடுங்களேன், பார்த்துச் சொல்கிறோம்.

வசிஷ்டநதி எழுதியது:

ஐயாவின் கேள்விகளை இன்றே அனுப்பிவிட்டேன். பத்தி இதோ:

‘சிறுவயது முதலே தொழில்நுட்பத்தின் மீது தீராத ஆர்வம் கொண்டவன் நான். சேகோ ஆலையில் பணிபுரியும்போது, கிழங்கு லோடுகளுக்குத் தொகை கணக்கிடப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். ஆலைச் சீட்டோடு ஒப்பிட்டபோது சில லோடுகளில் ஒரு ரூபாய் வேறுபட்டது. வேறுபட்டவற்றைத் தனியே பிரித்ததில், ஒன்றைத் தவிர எல்லாமே 50 பைசாவில் முடிந்தவை என்று தெரிந்தது. இணையக் குழுவில் கேட்டபோது, ரவுண்ட் செயல்பாடு பாதியை இரட்டைப்படைக்குக் கொண்டுபோவதாக ஒருவர் சுட்டிக்காட்டினார். டெசிமலுக்கு மாற்றி, மேலேற்றும் விதியை வைத்தேன். மீதமிருந்த ஒரு சீட்டில் பிழை கையெழுத்துக் கணக்கில் இருந்தது. இப்பள்ளியில் சேர்ந்து என் கனவுகளை நனவாக்க விரும்புகிறேன்.’

சேர்வராயன்மலை எழுதியது:

முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் எடுத்துவிடுங்கள்; அவற்றை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நடுவில் உள்ளது அப்படியே இருக்கட்டும். உதவி கிடைத்ததை மறைக்காமல் எழுதியது மிகச் சரி. எடுத்த இடத்தில், இந்த நிரலில் அடுத்து என்ன செய்ய நினைக்கிறீர்கள், அதற்கு உங்களுக்குத் தெரியாதது என்ன என்று இரண்டு வரி சேர்க்கலாம். ஒரு விவசாயிக்கு அந்தப் பருவம் முழுவதும் தந்த தொகையைக் கூட்டிக் காட்ட வேண்டும், அதற்குத் தரவுத்தளம் கற்க வேண்டும் என்பதுபோல ஏதாவது உண்மையானது இருந்தால் எழுதுங்கள். பள்ளியில் எதற்காகச் சேர்கிறீர்கள் என்ற கேள்விக்கும் அதுவே பதிலாகிவிடும்.

கஞ்சமலை எழுதியது:

ஆமாம். அத்துடன் நிரலோடு வைக்கும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் நிரலை எப்படி இயக்குவது என்றும், பாயிண்ட் என்றால் என்ன என்றும் எழுதிவிடுங்கள். சென்னையில் படிப்பவருக்குக் கிழங்கில் பாயிண்ட் பார்ப்பது தெரிந்திருக்காது. நேரத் தேர்வுக்குப் பட்டியல், அகராதி, சொற்சரங்களைப் பிரிப்பது, கோப்பைப் படிப்பது ஆகியவற்றில் தினமும் சிறு கணக்குகளாகப் போட்டுப் பழகுங்கள், காணொளி பார்க்காமல்.

வசிஷ்டநதி எழுதியது:

செய்துவிடுகிறேன் அண்ணா. பருவ மொத்தம் பற்றி முதலாளியே முன்பு கேட்டிருந்தார், அதையே எழுதுகிறேன். அவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். பெயர்கள் மாற்றிய மாதிரிக் கோப்போடு இன்று இரவு ஏற்றுகிறேன். ஒப்பந்தம் பற்றிப் பள்ளியின் பதில் வந்ததும் ஐயா பார்ப்பதற்கு இங்கேயே இடுகிறேன்.